சுவரைத் தாண்டாமல் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 40 வாட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கி) வைத்திருக்கிறீர்கள். வால்யூமை ஒன்றுக்கு மேல் வைத்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள், அதற்குக் கீழே வைத்தால் ஒலி சப்பென்று ஆகிவிடுகிறது. சுவரில் ஃபோம் ஒட்டினால் தீருமா, அல்லது இதை விற்றுவிட்டு 5 வாட் ஆம்ப் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோம் தீர்வாகாது. 5 வாட் ஆம்ப்பும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. உங்கள் அறையில் நீங்கள் கேட்கும் ஒலியும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும் ஒலியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், பணம் செலவழிக்காமலேயே தொல்லையின் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம்.

முதலில் வாட் கணக்கைப் பார்ப்போம். மின்திறன் பத்து மடங்கு கூடினால் ஒலி அளவு 10 டெசிபெல் கூடும். நம் காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு உரத்ததாகத் தோன்றும். 40 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 9 டெசிபெல் மட்டுமே, அதாவது காதுக்குப் பாதியளவு குறைந்ததுபோலத்தான் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர்களோ மிகக் குறைந்த மின்திறனிலேயே உரக்க ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. செலெஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் ஒலி தரும்; அதே நிறுவனத்தின் கிரீன்பேக் 98 டெசிபெல் தரும். இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், விண்டேஜ் 30 ஸ்பீக்கரை அந்த அளவுக்கு இறக்க ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே, 5 வாட் ஆம்ப் என்பது வீட்டுக்கான ஆம்ப் அல்ல. சிறிய அரங்கில் டிரம்முடன் சேர்ந்து வாசிக்கக்கூடிய ஆம்ப். ஆம்ப்பை மாற்றும் எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, சுவர் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்பது. கெட்டியான ஒற்றைச் சுவரைப் பொறுத்தவரை, அதன் எடை இருமடங்கானால் தடுப்புத்திறன் சுமார் 6 டெசிபெல் கூடும். ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் தடுப்புத்திறன் அதே 6 டெசிபெல் குறையும். அதனால் 800 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு சுவர் எவ்வளவு தடுக்கிறதோ, அதைவிடச் சுமார் 18 டெசிபெல் குறைவாகத்தான் 100 ஹெர்ட்ஸ் ஒலியைத் தடுக்கும். உங்கள் கிட்டாரின் தடித்த ஆறாம் கம்பி, இயல்பான சுருதியில் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அந்தக் கம்பியை டிராப் டி சுருதிக்கு இறக்கினால் 73 ஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டாருக்குக் கேட்பது உங்கள் இசை அல்ல, அதிலிருந்து வடிகட்டப்பட்ட இந்தக் கீழ் அதிர்வெண்களின் உறுமல் மட்டுமே. மெட்டும் இல்லாமல், சொல்லும் இல்லாமல், எப்போது நிற்கும் என்று ஊகிக்க முடியாத உறுமல் அது. நன்றாக வாசித்தால் பொறுத்துக்கொள்வார்கள் என்று வாசிப்பவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் நன்றாக வாசிப்பதற்கான அடையாளம் எதுவுமே சுவரைத் தாண்டிப் போவதில்லை.

ஃபோம் ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் தகடுகள், அறைக்குள் எதிரொலிக்கும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சும். பதிவு செய்யும் அறையில் அவற்றுக்குப் பயன் உண்டு. எடை இல்லாத பொருளால் ஒலி வெளியேறுவதைத் தடுக்க இயலாது. முட்டை அட்டைகளும் தடித்த திரைச்சீலைகளும் அப்படியே. இன்னும் சொல்லப்போனால், ஃபோம் ஒட்டிய அறையில் உயர் அதிர்வெண்கள் மங்கிவிடுவதால் ஒலி மந்தமாகத் தோன்றி, நீங்கள் வால்யூமைக் கூட்டிவிடக்கூடும். உண்மையான ஒலித்தடுப்பு என்பது அறைக்குள் இன்னோர் அறையை, அதன் தளத்தையும் சுவர்களையும் கூரையையும் கட்டடத்தோடு நேரடியாக ஒட்டாமல் எழுப்புவது. சொந்த வீடும் போதிய இடமும் பணமும் இருப்பவருக்கு அது சரி. வாடகைக் குடியிருப்பில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இடைவெளிகளை அடைப்பது மட்டும் செலவு குறைந்த, பயனுள்ள வேலை. ஒரு சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. கதவின் அடிப்பகுதி இடைவெளிக்கு ரப்பர் பட்டையும், ஜன்னல் ஓரங்களுக்கு இடைவெளி அடைக்கும் பட்டையும் போடுங்கள். இது பேச்சொலியும் மேல் அதிர்வெண்களும் நடைவழிக்குப் போவதைக் கணிசமாகக் குறைக்கும். உறுமலை அவ்வளவாகக் குறைக்காது.

இப்போது மையமான சிக்கலுக்கு வருகிறேன். வால்யூமைக் குறைத்ததும் ஒலி சப்பென்று ஆவதற்குப் பெரும் காரணம் உங்கள் ஆம்ப் அல்ல, உங்கள் காது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள் இதைக் காட்டின: ஒலி குறையக் குறைய, நடு அதிர்வெண்களைவிடக் கீழ் அதிர்வெண்களையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் கேட்கும் திறனை நம் காது வேகமாக இழக்கிறது. உரக்க வாசித்தபோது நிறைவாக இருந்த அதே ஒலி, அமைப்பு எதையும் மாற்றாமலே, குறைந்த ஒலியில் வாசிக்கும்போது ஒல்லியாகிவிடுகிறது. உடனே எல்லோரும் செய்வது பேஸ் குமிழை, அதாவது கீழ் அதிர்வெண்களை, கூட்டுவது. சுவர் மிக எளிதாக விட்டுவிடும் பகுதியும் அதுவேதான். வால்யூமைக் குறைத்துப் பக்கத்து வீட்டாருக்குச் செய்த நன்மையை, பேஸைக் கூட்டி நாமே பறித்துவிடுகிறோம்.

இதற்கு நேரெதிரான வழி பலன் தரும். ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வெண்ணை நீக்கிவிட்டாலும், அதன் மேல் இசையங்கள் (அந்த அதிர்வெண்ணின் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவை) கேட்டால் போதும்; மூளை அந்த அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கையடக்க வானொலியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரிலும் ஆண்குரலின் ஆழம் நமக்குப் புரிவது இதனால்தான். ஆறாம் கம்பியின் 82 ஹெர்ட்ஸை வெட்டினாலும் 165, 247 ஹெர்ட்ஸ் என்று மேலே தொடரும் இசையங்கள் இருக்கும்வரை அது அதே சுரமாகவே உங்களுக்குக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் போகும் சுமையோ கணிசமாகக் குறையும். ஆகவே, ஸ்பீக்கரில் வாசிக்கும்போது, அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பெடல் ஒன்றை வைத்து 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள், மிட் (நடு அதிர்வெண்) பகுதியைச் சற்றே உயர்த்துங்கள், கொஞ்சம் ரிவெர்ப் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) சேருங்கள். பெடல் இல்லையென்றால் ஆம்ப்பின் பேஸ் குமிழை மூன்றுக்குக் கீழ் இறக்குங்கள். முதல் பத்து நிமிடம் ஏதோ குறைவதுபோல இருக்கும். பிறகு காது பழகிவிடும். நான் பரிந்துரைக்கும் அத்தனை மாற்றங்களிலும் செலவுக்கேற்ற பலன் மிகுதியாக இருப்பது இதில்தான்.

ஆம்ப் எங்கே, எப்படி நிற்கிறது என்பதும் கிட்டத்தட்ட இதே அளவு முக்கியம். தரையில் வைத்த காம்போ ஆம்ப் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) காற்றை மட்டுமல்ல, தரையையும் அதிரச் செய்கிறது. கான்கிரீட் தளத்தில் இறங்கிய அதிர்வு பெரிதாகத் தளராமல் கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய், அங்கே சுவரையும் கூரையையும் ஒலிக்கச் செய்யும். ஆம்ப்பை ஸ்டாண்டின்மேல் ஏற்றி, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் சலவை இயந்திரத்துக்குப் போடும் அதிர்வுதாங்கி ரப்பர் பட்டைகளை வையுங்கள். அவை ஆம்ப்பின் எடையில் சற்றே அமுங்க வேண்டும். கல்போல இருந்தாலும் முழுக்க நசுங்கினாலும் பயனில்லை. ஆம்ப்பை அறையின் மூலையிலிருந்து நகர்த்துங்கள், ஏனெனில் அருகிலுள்ள ஒவ்வொரு சுவரும் கீழ் அதிர்வெண்களைப் பெருக்கிக் காட்டும். பொதுச்சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. உங்கள் காம்போவின் பின்புறம் திறந்திருந்தால் ஒலி பின்பக்கமும் பாய்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

12 அங்குல ஸ்பீக்கரின் உயர் அதிர்வெண்கள் ஒரு குறுகிய கற்றையாக நேரே முன்னோக்கிப் போகின்றன. ஆம்ப் தரையில் இருந்தால் அந்தக் கற்றை உங்கள் முழங்காலில் படுகிறது. காதுக்கு மங்கலான ஒலியே வருவதால் நீங்கள் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். காது உயரத்துக்கு ஏற்றியோ சாய்த்தோ வைத்து, 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு நெருங்கி உட்கார்ந்தால், நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபெல் வரை கூடும். அந்த அளவுக்கு வால்யூமை இறக்கிவிடலாம். உங்கள் கால்களையும் கவனியுங்கள். தாளத்துக்குக் காலால் தட்டுவதும் பெடலின் சுவிட்சை ஓங்கி மிதிப்பதும் கீழ்வீட்டில் கிட்டாரைவிடத் தெளிவாகக் கேட்கக்கூடும். தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் பெடல்களை வைத்தால் அது பெரிதும் குறையும்.

வால்யூம் குமிழ் பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குள்ளேயே திடீரென்று பாய்ந்துவிடுகிறது என்பது உங்கள் குறைகளில் ஒன்று. உங்கள் ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால், அதன் செண்ட், ரிட்டர்ன் துளைகளுக்கு இடையே ஒரு சாதாரண வால்யூம் பெட்டியையோ வால்யூம் பெடலையோ இணையுங்கள். லூப் என்பது ஒலியின் தன்மையை உருவாக்கும் பிரீஆம்ப்புக்குப் பின்னும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு முன்னும் இருப்பதால், பிரீஆம்ப்பை விருப்பம்போல ஓட்டிக்கொண்டு மொத்த ஒலியை மயிரிழை அளவில் கட்டுப்படுத்தலாம். லூப் இல்லாத ஆம்ப்பில், முன்னால், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை வைத்து ஆம்ப்பைச் சுத்தமாகவும் குறைவாகவும் ஓட்டுவதே எளிய வழி.

பவர் டியூப்கள் உழைக்கும்போது வரும் ஒலிதான் வேண்டும் என்றால், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அட்டெனுவேட்டர் வைக்கலாம். அது மின்திறனின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றிவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். லோடு பாக்ஸ் என்பது ஸ்பீக்கரே இல்லாமல் முழுத் திறனையும் தாங்கிக்கொண்டு, ஹெட்போனுக்கோ பதிவுக்கோ உகந்த சிக்னலைத் தரும் கருவி. இரண்டுமே நல்லவை, ஆனால் சில எச்சரிக்கைகளைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரோ லோடு பாக்ஸோ இணைக்காமல் டியூப் ஆம்ப்பை ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் அவுட்புட் துளையில் ஹெட்போனைச் செருகவே கூடாது. கருவியின் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கப்படும் மின்னெதிர்ப்பு) ஆம்ப்பின் 4, 8, 16 ஓம் அமைப்போடு பொருந்த வேண்டும். அது தாங்கும் வாட், ஆம்ப்பின் வாட்டைவிடத் தாராளமாகக் கூடியிருக்க வேண்டும். இணைக்கும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் அந்த மின்னோட்டத்துக்கு ஏற்றதன்று. அட்டெனுவேட்டரை மிகவும் இறக்கினால் காதின் பழைய குறைபாடு இங்கும் வந்து சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒலி மெலிவதற்குக் கருவியைக் குறை சொல்வது பெரும்பாலும் தவறு.

இரவில் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், படுக்கையறையில் தொடர்ச்சியான ஓசை 30 டெசிபெலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. உங்கள் பக்கம் 80 டெசிபெலில் வாசித்தால், 50 டெசிபெல் தடுக்கக்கூடிய பொதுச்சுவர் வேண்டியிருக்கும். கீழ் அதிர்வெண்களில் அவ்வளவு தடுக்கும் சுவர் குடியிருப்புகளில் அரிது. எனவே, இரவில் ஸ்பீக்கரை முழுமையாக விட்டுவிட்டு ஹெட்போனுக்குப் போவதே நேர்மையான தீர்வு. அங்கே பேஸை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், யாருக்கும் தொல்லை இல்லை.

ஹெட்போனில் கிட்டார் நன்றாக ஒலிக்காது என்று கசப்போடு கைவிட்டவர்கள் பலர், கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் போலச் செய்யும் வடிகட்டி) இல்லாமல் கேட்டவர்களே. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெருமளவு வெட்டிவிடுகிறது. டிஸ்டார்ஷனின் காதை உறுத்தும் கரகரப்பில் பெரும்பகுதி அந்த வெட்டப்படும் பகுதியில்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் பெடலின் வெளியீட்டை நேரே ஹெட்போனுக்குக் கொடுத்தால் தேனீக்கூட்டம்போல இரைவது இதனால்தான். இன்று யமஹாவின் டிஎச்ஆர், பாஸ் நிறுவனத்தின் கட்டானா போன்ற சிறிய ஆம்ப்களின் ஹெட்போன் துளையிலும், கிட்டாரிலேயே செருகிக்கொள்ளும் ஃபெண்டரின் மஸ்டாங் மைக்ரோ போன்ற கருவிகளிலும் இந்தச் சிமுலேஷன் உள்ளேயே இருக்கிறது. கணினி இருந்தால், கிட்டார் நேரடியாகச் செருகத்தக்க உயர் இம்பீடன்ஸ் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டி) ஒன்று போதும். நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் இலவச மென்பொருளில், உங்களுடையதைப் போன்ற டியூப் ஆம்ப்களின் ஒலித்தன்மையைப் பதித்த கோப்புகளை ஏற்றி வாசிக்கலாம்.

கணினியில் தாமதத்தைக் கவனிக்க வேண்டும். விரலுக்கும் காதுக்கும் இடையே மொத்தம் 10 மில்லிவினாடிக்குள் இருந்தால் கை உணராது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) ஏறத்தாழ 2.7 மில்லிவினாடி, சிக்னல் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அது சேரும் என்பதால் 64 அல்லது 128 சாம்பிளில் வையுங்கள். பொதுவாக விற்கும் புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாம், வாசிக்க முடியாது. அதன் தாமதம் நூறு மில்லிவினாடியைச் சாதாரணமாகத் தாண்டும். கேபிள் உள்ள ஹெட்போனோ, கிட்டாருக்கென்றே தனி வயர்லெஸ் முறையோடு வரும் பாஸ் வாசா ஏர் போன்றதோ வேண்டும். ஒலி தலைக்குள்ளேயே அடைபட்டதுபோல இருந்தால், சிறிய அறையைப் போன்ற ரிவெர்ப்பை மிகக் குறைவாகச் சேருங்கள். உடனே ஒலி தலைக்கு வெளியே விரிந்ததுபோல இருக்கும். காதையும் காத்துக்கொள்ளுங்கள்: 85 டெசிபெலில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை என்பது தொழிலிடங்களுக்குப் பரவலாகக் கையாளப்படும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் அது கால் மணி நேரம் மட்டுமே.

ஆம்ப்பே இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டாரை வெறுமனே வாசித்துப் பயிற்சி செய்வதை எளிய விரல் பயிற்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி போதாததால் கை தன்னையறியாமல் கம்பியை ஓங்கி அடிக்கப் பழகிவிடும். டிஸ்டார்ஷனில் மட்டுமே வெளிப்படும் தேவையற்ற கம்பி ஓசைகளை அடக்கும் பழக்கமும் கைக்கு வராது.

எல்லாம் செய்தபின், பக்கத்து வீட்டில் உண்மையில் என்ன கேட்கிறது என்பதைச் சோதிக்காமல் விடாதீர்கள். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடலில், நீங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒன்றை, தடித்த கம்பிகளையும் சேர்த்து, ஒரு நிமிடம் பதிவு செய்து ஓடவிடுங்கள். பிறகு பக்கத்து வீட்டாரிடம் பகல்வேளையில் அனுமதி கேட்டு, அவர்களுடைய படுக்கையறையில் நின்று நீங்களே கேளுங்கள். கைபேசி ஒலிமானிச் செயலியைப் பயன்படுத்தினால், ஏ அளவுகோலை நம்பாதீர்கள். அது 80 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 22 டெசிபெல் குறைத்துக் காட்டும், நம் தொல்லையே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சி அளவுகோல் அந்த ஒலியை ஏறத்தாழ உள்ளபடியே காட்டும். பேஸை இறக்கியும் ஏற்றியும், ஆம்ப்பை நகர்த்தியும், ஒவ்வொரு முறையும் அங்கே நின்று ஒப்பிட்டால், உங்கள் கட்டடத்தில் எது பலிக்கிறது என்று ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.

அப்படி அவர்கள் வீட்டுக்குள் போய் நிற்பது இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது. தொல்லை தருபவர் தாமே வந்து கேட்டார் என்பதை மக்கள் மறப்பதில்லை. "சத்தமாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நேரத்தில் உறங்குகிறார்கள், குழந்தையோ இரவுப்பணி செய்பவரோ நோயாளியோ வீட்டில் உண்டா, எந்த அறையில் மிகுதியாகக் கேட்கிறது என்று கேளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவதாகச் சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். முடியும் நேரம் தெரிந்த ஓசையைத் தாங்குவது எளிது. ஒரே நான்கு சுரங்களை நாற்பது நிமிடம் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய பயிற்சிகளை ஹெட்போனுக்கு ஒதுக்கிவிட்டு, ஸ்பீக்கர் நேரத்தை முழுப்பாடல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் இருவருக்கும் ஒத்துவந்த இடத்தை வால்யூம் குமிழின் ஓரத்தில் சிறிய ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். பேஸ் குமிழுக்கும் ஒரு குறி இருக்கட்டும். கிட்டாரையோ பெடலையோ மாற்றினாலும், ஆம்ப்பை வேறு அறைக்குக் கொண்டுபோனாலும் அந்தக் குறிகள் செல்லாது; லூப்பரை ஓடவிட்டு மறுபடி ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.